பிளாட்டர் கோடு போட்ட வெள்ளிக்கிழமை

நடந்தது இந்த வரிசையில்தான் நடந்தது. யாராவது வேறு வரிசையில் சொன்னால் அவர்கள் அப்போது அறையில் இல்லை என்று அர்த்தம்.

1. செங்கம் ரோட்டில் மாடியில் இருக்கும் ஒரு கட்டட வரைபட ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.
2. அதை இயக்க, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்த என்னை வேலைக்கு எடுத்தார்கள்.
3. மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்ட பழைய பிளாட்டர் ஒன்றை முதலாளி பிடித்து வந்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் தானே படம் வரையும் இயந்திரம் அது. கூடவே ஒயரும் வரவில்லை, விளக்கப் புத்தகமும் வரவில்லை.
4. கம்ப்யூட்டர் விற்ற மெட்ராஸ்காரர் வந்து பார்த்தார். இரண்டையும் இணைக்க முடியாது என்றார்.
5. பிளாட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், நான் இனி டெண்டர் தாளும் கடிதமும் டைப் அடிக்கலாம் என்றார் முதலாளி.
6. முடியாது என்றேன்.

ஆறாவதைப் பற்றித்தான் பிறகு ஆபீசில் அதிகம் பேசினார்கள்.

டைப் அடிப்பது கேவலமான வேலை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் லோயர், ஹையர் என்று பரீட்சை எழுதியிருக்கிறார்கள். நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போகவில்லை. பாலிடெக்னிக்கில் கையால் ரேடியோ கட்டியவள் என்று எந்த நேர்காணலில் சொன்னாலும், "டைப்பிங் தெரியுமா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். தெரிந்தால் அதில்தான் உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்று வரை இரண்டு விரலால்தான் அடிக்கிறேன்.

முதலாளி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட என்ஜினீயர். கெட்டவர் இல்லை. சொன்ன சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பார். ஆனால் தான் சொன்னதற்கு யாராவது முடியாது என்று சொன்னால், காது சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல மறுபடி கேட்பார்.

"என்ன சொன்ன?"

"டைப் அடிக்க மாட்டேன் சார். பிளாட்டர் ஓடும். நான் ஓட வைக்கிறேன்."

"அவரு மெட்ராஸ்ல இதே பொழப்பா இருக்கறவரு. அவரே ஆவாதுன்றாரு."

"அவரு பாத்தது கால் மணி நேரம் சார். அதுலயும் காபிக்குப் பாதி போயிடுச்சு."

ஜன்னலோரப் பெரிய மேசையில் குனிந்திருந்த டிராஃப்ட்ஸ்மேன் சிரித்துவிட்டார். அவரை ஆபீசில் எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். நாலு தலைமுறையாக ஊரில் இருக்கும் குடும்பம். ஊரில் எந்த மனையை எந்தப் பக்கம் திருப்பி வரைந்தால் பத்து அடி கூடுதலாகத் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி.

"விடுங்க சார், பாப்பா கோச்சுக்கிச்சு" என்றார். "அது கோடு போடறதுக்குள்ள நான் வேங்கிக்கால் பூரா மனை பிரிச்சு வெச்சுடறேன்."

முதலாளி யோசித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மெட்ராஸ்காரர் புதுப் பிளாட்டருக்கு விலை சொல்ல வருகிறார் என்றார். அவர் எதிரில் என் பிளாட்டர் கோடு போட்டால் இருக்கட்டும். போடாவிட்டால் அது இரும்புக் கடைக்கு, நான் டைப்புக்கு.

"சரிங்க சார்" என்றேன். "ஆனா பின்பக்கம் நான்தான் தொடுவேன். வேற யாரும் கை வெக்கக் கூடாது."

"அம்மாடி" என்றார் பாய்.

முதலில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதிக்கொண்டேன். பிளாட்டர் செத்துப்போகவில்லை. அதை அணைத்துவிட்டு, முன்பக்கத்து இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி போட்டால், தன்னைத் தானே சோதித்துக்கொண்டு ஒரு படம் வரைகிறது. நட்சத்திரம் மாதிரி ஒன்று, பக்கத்தில் வட்டங்கள். பேனா மை காய்ந்திருந்ததால் காகிதத்தில் கீறல்தான் விழுந்தது. இருந்தாலும் வட்டம் வட்டமாகவே இருந்தது. ஆக, கையும் காலும் நன்றாக இருக்கின்றன. கம்ப்யூட்டர் பேசுவது மட்டும் அதன் காதுக்குப் போகவில்லை.

மெட்ராஸ்காரர் செருகிவிட்டுப் போயிருந்த ஒயரை மீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் எந்த ஊசியோ, அந்தப் பக்கமும் அதே ஊசிக்கு நேராக இழுத்திருந்தார். இரண்டு பக்கமும் ஒன்று பேசுகிற ஊசி, ஒன்று கேட்கிற ஊசி. நேராக இழுத்தால் வாயோடு வாய், காதோடு காது. எத்தனை நாள் வைத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது.

இருபத்தைந்து ஊசி கனெக்டர் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறினேன். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில், அம்மா விடிகாலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஒயரு வாங்கவா மெட்ராசு?"

"ஆமா."

"ஆபீசுல ஆம்பளைங்க யாரும் இல்லயா?"

"இருக்காங்க. அவங்களுக்கு எந்த ஒயருன்னு தெரியாது."

அம்மா டப்பாவை என் பையில் திணித்தாள். அப்பா, மணிலாக் கொட்டை மூட்டையைத் தைத்துக்கொண்டே, "போறப்பவே சொல்லிட்டுப் போவுது, நீ தடுத்து என்ன ஆவப்போவுது" என்றார்.

கனெக்டரோடு வந்து, பாலிடெக்னிக் நாளில் வாங்கிய என் சொந்தச் சால்டரிங் அயர்னை ஆபீஸ் மேசைமேல் வைத்துச் சூடேற்றினேன். ஈயப் புகை வந்ததும் முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பேசுகிற ஊசியைக் கேட்கிற ஊசிக்கு மாற்றிப் பற்ற வைத்தேன். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன்: பேனாவைத் தூக்கு, இங்கே போ, இறக்கு, அங்கே போ. இரண்டு இயந்திரமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். பிளாட்டரின் வேகம் என்ன என்று சொல்ல ஆளில்லாததால், கம்ப்யூட்டர் பக்கம் ஒவ்வொரு வேகமாக மாற்றி மாற்றி அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பிளாட்டரில் சிவப்பு விளக்கு மின்னிற்று. நான்காவது வேகத்தில் மின்னவில்லை. பேனா எழுந்தது, நகர்ந்தது, ஒரு கோடு போட்டது.

பாய் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மூன்று மனை ஒழுங்காக வரைந்த பிறகு, நான்காவது மனையின் நடுவில் பேனாவுக்குப் பித்துப் பிடித்தது. காகிதத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோணலாக இழுத்துக்கொண்டு ஓடியது.

"வாய்க்கா வெட்டுதும்மா" என்றார் பாய். "மனைக்கு நடுவுல. கவர்மெண்ட்ல அப்ரூவல் தர மாட்டாங்க."

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். கம்ப்யூட்டர் மளமளவென்று சொல்லிக்கொண்டே போகிறது. பிளாட்டர் ஒவ்வொரு கோட்டையும் கையால் போட வேண்டியிருக்கிறது. அதன் நினைவில் இடம் கம்மி. நிரம்பியதும் மிச்சத்தைத் தவறவிடுகிறது. "இரு" என்று சொல்ல அதற்கு ஒரு ஊசி இருக்க வேண்டும். அந்த "இரு"வைக் கம்ப்யூட்டர் பார்க்கிற இடத்தில் சேர்க்க வேண்டும். மீட்டரை வைத்துக்கொண்டு, பிளாட்டர் வரையும்போது எந்த ஊசியில் மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபதாவது ஊசி. அதிலிருந்து இன்னொரு ஒயரை இழுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் முழு லேஅவுட்டும் வந்தது. தெரு, மனை, மனை எண், வடக்குக் குறி, எல்லாம். காய்ந்த பேனாவுக்குப் பதில், பாய் தன் மை பேனா ஒன்றைக் கொடுத்திருந்தார். அதன் உடம்பில் தையல் நூலைச் சுற்றிப் பிடியில் இறுக்கி வைத்திருந்தேன்.

"என் பேனா, அதான் ஒழுங்காப் போடுது" என்றார்.

முதலாளி அன்று செய்யாறு போயிருந்தார். நாளைக்குக் காட்டலாம் என்று நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இனி வெள்ளிக்கிழமை. எங்கள் ஆபீஸில் வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். முதலாளி காலையில் பெரிய கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஆபீஸ் வருவார். வீட்டில் அரைத்த சந்தனம் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் கெட்டியாக இருக்கும். பணப்பெட்டி, அளவுச் சங்கிலி, சர்வே கருவிப் பெட்டி என்று ஆரம்பித்து ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பார். மோதிர விரலால் நன்றாக அழுத்தி வைப்பார், உதிரக் கூடாது என்று. கம்ப்யூட்டருக்கு நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் வைப்பார். பிளாட்டருக்கு முன்பக்கம் வைத்தால் பேனா ஓடும்போது பொடி உதிர்ந்து காகிதத்தில் விழும் என்று பாய் முதல்நாளே சொல்லிவிட்டார். அதனால் பின்பக்கம். பிளாட்டரே ஒரு வெள்ளிக்கிழமைதான் மாடிப்படி ஏறியது. வேறு கிழமையில் ஏற்ற முதலாளி விடவில்லை. நான் அதன் பின்பக்கத்தை முதன்முதலில் பார்த்தபோதே அங்கே சந்தனம் இருந்தது. ஒவ்வொரு வாரமும் அதன்மேலேயே அடுத்தது. இயந்திரத்துக்கு வைத்த பொட்டு என்பதைத் தவிர அதைப் பற்றி நான் ஒன்றும் நினைத்ததில்லை.

மெட்ராஸ்காரர் பத்தரைக்கு வந்தார். டை கட்டியிருந்தார். புதுப் பிளாட்டரின் வழவழப் படத்தை மேசைமேல் விரித்தார். முதலாளி என்னைப் பார்த்து, "ம், போடு" என்றார்.

போட்டேன். சிவப்பு விளக்கு மின்னிற்று. பேனா அசையவில்லை.

மறுபடி போட்டேன். மறுபடியும் விளக்கு.

"நான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார் மெட்ராஸ்காரர், மென்மையாகத்தான். "ஓல்டு மாடல். ரெண்டும் ஒத்துப்போகாது. சிஸ்டர் டிரை பண்ணாங்க, நல்ல விஷயம்."

"நேத்து போட்டுச்சு சார்" என்றார் பாய். "நான் பாத்தேன். வேங்கிக்கால் லேஅவுட்டு, முழுசா."

"நேத்து போட்டது இன்னிக்கு ஏன் போடல?" என்றார் முதலாளி என்னிடம்.

அது நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் எண்ணிப் பார்த்தேன். ஒயர்: மீட்டர் வைத்தேன், நேற்று போலவே. புரோகிராம்: ஒரு எழுத்து மாறவில்லை. பேனா அதேதான். தானே வரையும் நட்சத்திரம்: போட்டுப் பார்த்தேன், வந்தது. ஆக, கம்ப்யூட்டர் நேற்றைய வேகத்தில்தான் பேசுகிறது, பிளாட்டர் வேறு ஏதோ வேகத்தில் கேட்கிறது. பிளாட்டரின் வேகம் மாற வேண்டுமென்றால் மாற்றுகிற சுவிட்ச் எங்காவது இருக்க வேண்டும். நான் திறக்காத இடம் அதில் இல்லை, ஒன்றைத் தவிர.

பிளாட்டரைத் திருப்பினேன். காலையில் வைத்த சந்தனம் இன்னும் ஈரம் காயவில்லை. நடுவில் குங்குமம்.

பேனா துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்தேன்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் முதலாளி.

"துடைக்கப் போறேன் சார்."

"குங்குமத்தையா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? பொம்பளப் புள்ள பண்ற வேலையா இது?"

"ஆம்பளைங்க யாராச்சும் துடைக்கறீங்கன்னா துணி தரேன் சார்."

மெட்ராஸ்காரர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"என்னைப் பாக்காதம்மா. நான் துடைச்சா அது வேற கதையாப் போயிடும். நீ துடைச்சா வெறும் திமிருதான்."

"அந்தத் திமிரு பரவால்ல" என்றேன்.

எங்கள் வீட்டில் குங்குமம் கொட்டினாலே அம்மா முகம் மாறும். நான் அவசரப்பட்டுத் துடைக்கவில்லை. முதலில் பாயின் லென்ஸை வாங்கி அந்த இடத்தை உற்றுப் பார்த்தேன். சந்தனத்துக்கு அடியில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரிப் பள்ளம். அதில் சோளம் அளவுக்கு வரிசையாக ஏதோ இருப்பது மேடுபள்ளமாகத் தெரிந்தது. ஓரத்தில் இருந்த பழைய சந்தனம் காய்ந்து, விரிசல் விடாமல் அப்படியே ஓடு மாதிரி இருந்தது. நடுவில் ஒரே ஒரு மேட்டின் மேல்தான் அந்த ஓடு உடைந்து, இன்றைய ஈரச் சந்தனம் உள்ளே இறங்கியிருந்தது. மோதிர விரல் அழுத்திய இடம்.

இடமிருந்து எத்தனாவது என்று எண்ணிக்கொண்டு, அதற்குப் பிறகு துடைத்தேன். சந்தனமும் குங்குமமும் கலந்து துணியில் ரத்தச் சிவப்பாக வந்தது. அடியிலிருந்து எட்டு வெள்ளைச் சுவிட்சுகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும் வகை. நான் எண்ணி வைத்திருந்ததை மட்டும் பேனா முனையால் மறுபக்கம் தள்ளினேன். பிளாட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

"இதுல சுவிட்ச் இருக்கா!" என்றார் மெட்ராஸ்காரர்.

"இருக்கு சார். அன்னிக்கு நீங்களும் இதே பக்கம்தான் ஒயரு செருகினீங்க."

புரோகிராமை ஓடவிட்டேன். பேனா எழுந்தது. வேங்கிக்கால் லேஅவுட்டின் மேற்கு எல்லையைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கியது. காகிதம் முன்னும் பின்னும் ஓடும் சத்தம், பேனா தட்டும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பத்தாவது மனை, இருபதாவது மனை. நடுவில் பிளாட்டர் நின்று மூச்சு வாங்கிற்று. கம்ப்யூட்டரும் காத்திருந்தது. மறுபடி நகர்ந்தது. வடக்குக் குறியோடு முடிந்து, பேனா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

முதலாளி தாளை உருவி எடுத்தார். பாயின் ஸ்கேலைக் கேட்டு வாங்கி, சாலையின் அகலத்தை அளந்தார். மூலை மனையை அளந்தார். இன்னொரு மனையையும் அளந்தார்.

"கோடு கொஞ்சம் மொத்தமா இருக்கு" என்றார்.

"அது என் பேனா சார்" என்றார் பாய். "மெட்ராஸ் சாரு மேலயும் தப்பில்ல, பாப்பா மேலயும் தப்பில்ல. என் மேல போட்டுக்குங்க."

மெட்ராஸ்காரர் வழவழப் படத்தைச் சுருட்டினார். புதுசுக்கு விலை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறேன் என்றார். முதலாளி பிறகு சொல்வதாகச் சொல்லி அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்தார். என் கையில் இன்னும் அந்தத் துணி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக் குப்பையில போட்டுடாத."

"போடல சார். அலசித் தண்ணிய செடிக்கு ஊத்திடறேன்."

"நான் வெச்ச பொட்டாலதான் மிஷின் கெட்டுச்சுன்னு சொல்றியா?"

இந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மோதிர விரல் அதே இடத்துக்கு வந்திருக்கும்.

"ஆமா சார்" என்றேன். "மிஷின் கெடல. சுவிட்ச் மாறிடுச்சு. பொட்டு வெச்ச இடம் சரியில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"சரி. போர்வெல் காண்டிராக்டருக்கு ஒரு லெட்டர் இருக்கு. மத்தியானத்துக்குள்ள டைப் பண்ணி வை."

"இல்ல சார். லேஅவுட் நாலு காப்பி போடணும். அதுக்கே மத்தியானம் ஆயிடும்."

பாய் முகத்தை டிராயிங் போர்டுக்குள் புதைத்துக்கொண்டார். முதலாளி என்னையும் தாளையும் ஒருமுறை பார்த்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமாகச் சாத்தவில்லை. சாதாரணமாகத்தான் சாத்தினார்.

நான்கு காப்பியும் போட்டேன்.

இது நடந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிறது. பிளாட்டர் ஓடுகிறது. வேங்கிக்காலில் மனை பிரிக்கிறவர்கள் பலர் படத்துக்கு எங்களிடம்தான் வருகிறார்கள். பாய் திருத்தங்களைப் போட, நான் அச்செடுக்கிறேன். அவருக்கும் கம்ப்யூட்டரில் மனை பிரிக்கக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். செத்த எலியைத் தொடுவது மாதிரிதான் கீபோர்டைத் தொடுகிறார். புதுப் பிளாட்டர் வாங்கவில்லை. முதலாளி வெள்ளிக்கிழமைகளில் பிளாட்டர் வைத்திருக்கும் மேசைக்குச் சந்தனம் வைக்கிறார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. துடைத்ததற்காக அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியாது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு நேரே டைப்பிஸ்ட் என்றுதான் இன்னும் போடுகிறார்கள். மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். மாற்றவில்லை. கடிதங்களை இப்போது வெளியே கொடுத்து டைப் அடித்து வாங்குகிறார்கள். அடுத்த மாதம் மூன்றாவது முறை கேட்பேன்.